1/6 அளவு ஹைட்ரோபிளேனுக்கு எந்தப் பெட்ரோல் இன்ஜின்?

சியாட்டிலில் வேலை பார்க்கிறீர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வாஷிங்டன் ஏரியில் நடக்கும் சீஃபேர் ஹைட்ரோபிளேன் (தண்ணீரை உரசியபடி பாயும் பந்தயப் படகு) பந்தயத்தைப் பார்த்த ஆசையில், டர்பைன் காலத்து மிஸ் பட்வைசர் என்ற பந்தயப் படகின் வடிவத்தில் 1/6 அளவு மரக் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ரிமோட்டில் ஓட்டப்போகும் இந்தப் படகுக்கு 26 சிசி பெட்ரோல் இன்ஜின் போதுமா, 32 சிசிக்குப் போகலாமா, விலை குறைவான சீனத் தயாரிப்பு தேறுமா, ஏற்கெனவே போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளை) வெட்டி வேகம் கூட்டிய இன்ஜினையே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இந்த ஹல், அதாவது படகின் உடல், எவ்வளவு சக்தியைத் தாங்கும்? நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பல வருடங்கள் சிறிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களோடு வேலை பார்த்தவன், பெட்ரோல் படகுகளை விடாமல் ஓட்டுகிறவன். உங்கள் ஹல்லை நேரில் பார்க்காததால் சில இடங்களில் உறுதியாகவும் சில இடங்களில் தயங்கியும்தான் சொல்ல முடியும். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரால் குளிரூட்டப்படும், கை வைக்காத 26 சிசி இன்ஜின் ஒன்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல டியூன்ட் பைப் (நீளம் கணக்கிட்டு அமைத்த எக்ஸாஸ்ட் குழாய்), ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர், ரேடியோ ஆகியவற்றில் போடுங்கள். ஹைட்ரோபிளேனில் சக்தி போதாமல் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கிடைத்த சக்தியைத் தண்ணீரோடு பிடித்துவைக்க முடியாமல் கவிழ்ந்தவர்களைத்தான் வாராவாரம் பார்க்கிறேன்.

ஏன் 26 சிசி என்பதை எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். நிஜமான அன்லிமிடெட் ஹைட்ரோபிளேன், அதாவது சீஃபேரில் ஓடும் பெரிய வகுப்புப் படகு, சுமார் மூன்று டன். நீளத்தை ஆறால் வகுத்தால் எடையை 216-ஆல் வகுக்க வேண்டும், அதாவது சுமார் 14 கிலோ. 1/8 அளவு என்றால் 512-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 6 கிலோதான் வரும். 26 சிசி பெட்ரோல் இன்ஜின் தனியாகவே இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். அதோடு பைப், டேங்க், மவுண்ட் எல்லாம் சேர வேண்டும். 1/8 படகில் அதை வைத்தால் மொத்த எடையில் பெரும் பகுதியை இன்ஜினே தின்றுவிடும், படகு எழும்பி ஓடாமல் தண்ணீரை உழும். உங்கள் ஊர்ப் பக்கம் 1/8 படகுகளில் 11 சிசி நைட்ரோ இன்ஜின்கள் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்களுடையது 1/6 என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. மரத்தில் ஒழுங்காகக் கட்டினால் 14 கிலோவுக்குக் கீழேயே முடிக்கலாம், அந்த எடையை 26 சிசி வசதியாக இழுக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்தது வேகம். டர்பைன் படகுகள் நேர்க்கோட்டில் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தொடுகின்றன. அதை ஆறால் வகுத்தால் 53 கிலோமீட்டர். உங்கள் மாதிரி 53-இல் ஓடினாலே கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நிஜப் படகின் வேகம் தெரியும், 80-இல் ஓடினால் அதைவிட வேகமாகவே தோன்றும். ஆனால் படகுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள இயற்பியல் இந்தக் கணக்கில் போகாது. அங்கே வேகம் அளவின் வர்க்கமூலத்தில்தான் குறையும்: ஆறின் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.45. திருப்பிச் சொன்னால், ஏரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் உங்கள் படகுக்கு அது நிஜப் படகு 49 கிலோமீட்டர் காற்றில் ஓடுவது போல. அலையும் அப்படித்தான். முழங்கால் உயர அலை நிஜப் படகுக்குத் தொல்லை என்றால், உங்கள் படகுக்குக் கணுக்கால் உயரம்கூட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஹைட்ரோபிளேனின் உயிரும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. முன்பக்கம் இரண்டு ஸ்பான்சன் (இரு பக்கமும் நீட்டியிருக்கும் மிதவைப் பகுதிகள்), பின்பக்கம் ப்ரொப்பெல்லர், இந்த மூன்று இடங்களில்தான் படகு தண்ணீரைத் தொடுகிறது. ப்ரொப்பெல்லரில் கிட்டத்தட்ட பாதி வெளியே இருக்கும். டெட் ஜோன்ஸ் வடிவமைத்த ஸ்லோ-மோ-ஷன் 4 இந்த முறையில்தான் 1950 ஜூனில் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைலைத் தாண்டி உலக சாதனை வைத்தது. அதன் பிறகு பந்தயப் படகுகள் எல்லாம் அந்த வழிக்கு வந்தன. மீதி எடையைத் தாங்குவது டெக்குக்குக் கீழே புகும் காற்று. காற்று கொஞ்சம் அதிகமாகப் புகுந்தால் மூக்கு மேலே போய் படகு பின்பக்கமாகப் புரளும். பந்தய ஓட்டுநர்களான பில் மன்சி 1981-இல் அகாபுல்கோவிலும், டீன் செனோவெத் அடுத்த வருடம் கொலம்பியா ஆற்றிலும் இப்படித்தான் உயிர் இழந்தார்கள். 1986-இல் மிஸ் பட்வைசர் எஃப்-16 போர் விமானத்தின் விமானி அறை மூடியைப் போட்டுக்கொண்டு வந்ததற்குப் பின்னால் இந்த இழப்புகள் இருக்கின்றன. நீங்கள் கட்டும் மாதிரியில் அந்த மூடியை வெறும் அலங்காரமாக நினைக்காமல், கவனமெடுத்துச் செய்யுங்கள்.

பாதி ப்ரொப்பெல்லர் வெளியே இருப்பது இன்ஜின் தேர்வையும் நேரடியாகத் தொடுகிறது. படகு ஒரு அலையில் துள்ளினால் ப்ரொப்பெல்லர் முழுதாக வெளியே வந்து சுமை சட்டென்று போய்விடும். கிளட்ச் இல்லாமல் நேரடியாக இணைத்த இன்ஜின் அந்தக் கணத்தில் எகிறும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய விசை சுழற்சியின் வர்க்கத்தில் ஏறும். நிமிடத்துக்கு 14,000 சுற்றிலிருந்து 18,000-க்குப் போனால் விசை ஏறத்தாழ 1.65 மடங்கு. காரிலோ மரம் அறுக்கும் இயந்திரத்திலோ இப்படி ஒவ்வொரு சுற்றிலும் நடப்பதில்லை. ஆகவே கிராங்க்கும் அதன் பேரிங்கும் தரமாக இருக்கும் இன்ஜினைத்தான் நான் கேட்பேன். உச்ச சக்தி பட்டியலில் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

சரி, எந்த இன்ஜின் என்பதற்கு, ஜெனோவா (Zenoah) தயாரிப்புக்கு வருவோம். ஜப்பானில் கொமாட்சு குழுமத்தில் இருந்த நிறுவனம், 2007-இல் ஹுஸ்க்வார்னாவிடம் போனது. மாதிரிப் படகுக்காரர்களிடம் இதன் ஜி260பியூஎம் பரவலாக இருக்கிறது. 34 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 28 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 25.4 சிசி. இந்தக் குடும்பத்தில் ஸ்ட்ரோக் 28 என்பது மாறாது, போர் மட்டும் மாறும்: 32 என்றால் 22.5 சிசி, 36 என்றால் 28.5, 38 என்றால் 31.8. இதனால்தான் 26-க்கும் 32-க்கும் எடை வித்தியாசம் பெரிதாக இல்லை. கூடுதலாகக் கிடைப்பது முறுக்குவிசை. அது நல்லதுதானே என்று தோன்றும். கனமான ஹல், பெரிய ப்ரொப்பெல்லர், நீளமான ஏரி என்றால் நல்லதே. ஆனால் பிஸ்டன் பெரிதாகும்போது அதிர்வும் கூடும், மர ஹல்லில் அது மவுண்டையும் ஒட்டுகளையும் சோதிக்கும். பெரிய ப்ரொப்பெல்லரின் எதிர்விசை ஒரு பக்க ஸ்பான்சனை இன்னும் அழுத்தும். முதல் ஹைட்ரோ ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டும் வேண்டாம். ஒரு சீசன் 26-இல் ஓட்டி, திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது உண்மையிலேயே மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் அப்புறம் 32-க்கு மாறுங்கள். உதிரி பாகங்கள் பலவும் ஒத்துப்போகும். மவுண்ட் துளைகளை மட்டும் வாங்கும் முன் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் எனது விருப்பமோ உங்களது விருப்பமோ செல்லாது, விதிப்புத்தகம்தான் செல்லும். அமெரிக்காவில் மாதிரிப் படகுப் பந்தயங்களுக்கு நாம்பா (NAMBA), ஐஎம்பிபிஏ (IMPBA) என்ற இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. சிசி வரம்பு, ஹல் அளவு, சத்தம் எல்லாவற்றுக்கும் வகுப்புக்கு வகுப்பு விதி உண்டு, அவ்வப்போது மாறவும் செய்யும். பக்கத்து கிளப்பில் எந்த வகுப்புக்கு ஆள் சேர்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். தனியாக ஓட்ட ஒரு படகு வைத்திருப்பதைவிட, கூட ஓட்ட ஐந்து பேர் இருக்கும் வகுப்பில் இருப்பது ஆயிரம் மடங்கு மேல். உதிரி பாகமும் அறிவுரையும் கரையிலேயே கிடைக்கும்.

போர்ட் வெட்டிய இன்ஜின் பற்றிக் கேட்டீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் மேல் சுழற்சியில் சக்தி கூடும், கீழே குறையும். அதோடு டியூன்ட் பைப் சேரும்போது சக்தி ஒரு குறுகிய பட்டைக்குள் குவியும். பைப்பின் வேலை எளிமையானது: போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை பைப்பின் பின்கூம்பில் மோதித் திரும்பி வந்து, போர்ட் மூடுவதற்கு முன் வெளியே தப்பும் புதுக் கலவையை உள்ளே தள்ள வேண்டும். அதனால் நீளம் சுழற்சியோடு கட்டுப்பட்டது. அலை வேகத்தை நொடிக்கு 518 மீட்டர் என்றும், போர்ட் திறந்திருக்கும் கோணத்தை 170 டிகிரி என்றும், இலக்கை 16,000 சுற்று என்றும் வைத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து சராசரி எதிரொலிப் புள்ளி வரை ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் வரும். இது ஆரம்பக் கணக்கு மட்டுமே. வாயுவின் வெப்பம் மாறினால் அலை வேகம் மாறும், ஆகவே கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரை ஏரியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது திருப்பத்தை நினைத்துப் பாருங்கள். ஹைட்ரோ திரும்பும்போது வேகம் இழக்கும், சுழற்சி இறங்கும். பட்டை குறுகலாக இருந்தால் இன்ஜின் பைப்பை விட்டு விழுந்து, நேர்க்கோட்டின் பாதி தூரம் திணறிக்கொண்டே போகும். லேசான ரிக்கர் (ஸ்பான்சன்களைக் கம்பிகளில் தள்ளி வைத்த அவுட்ரிக்கர்) படகில் இது பெரிதாகத் தெரியாது, ஸ்கேல் ஹல்லில் தெரியும். எனவே உங்களுக்கு அகலமான பட்டையுள்ள, வெட்டப்படாத இன்ஜின்தான் சரி. பைப்பைக் கணக்கிட்ட நீளத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்து ஆரம்பியுங்கள், அது கீழ்ச் சுழற்சிக்கு உதவும்.

விலை குறைந்த தயாரிப்புகளில் என் கருத்து உறுதியானது அல்ல. தைவானிலும் சீனாவிலும் இதே குடும்ப அமைப்பில் இன்ஜின் செய்கிறார்கள், அவற்றில் வருடக்கணக்கில் நன்றாக ஓடியவையும் உண்டு. சிக்கல் என்னவென்றால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும் என்ற உத்தரவாதம் குறைவு. அப்படி ஒன்றை வாங்கினால், பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஏரிக்குப் போகாதீர்கள். சிலிண்டரைக் கழற்றி போர்ட் ஓரங்களில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ரிங் அதில் மாட்டினால் கதை முடிந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் திருகுப் பசை போட்டு மறுபடி முறுக்குங்கள். இக்னிஷன் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் கிட்டத்தட்ட அதுதான். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவருக்கு விலை குறைந்த இன்ஜின் லாபம். இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால், எந்தக் கோளாறு இன்ஜினுடையது, எது உங்கள் அமைப்புடையது என்று பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள். முதல் படகில் அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

ரிமோட் கார்களுக்கான காற்றுக் குளிர்ச்சி இன்ஜின் மலிவாகக் கிடைத்தால் அதன்மேல் தண்ணீர் ஜாக்கெட் மாட்டிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். முடியும், ஆனால் மூடிய கவுலுக்குள் (இன்ஜின் மேலுறைக்குள்) உட்காரும் ஸ்கேல் படகுக்கு சிலிண்டரிலேயே ஜாக்கெட் உள்ள மெரைன் இன்ஜின்தான் நிம்மதி. ரட்டரில் (சுக்கானில்) இருந்து வரும் தண்ணீர் சிலிண்டர் வழியாகப் போய் படகின் பக்கவாட்டில் பீய்ச்சுவது கரையிலிருந்தே தெரிய வேண்டும். அது நின்றால் உடனே நிறுத்துங்கள். கிளட்ச் வேண்டாம், பந்தயப் படகுகளில் இன்ஜினை நேராக ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கேபிளோடு இணைக்கிறார்கள். அப்படியென்றால் இன்ஜின் கிளம்பியதும் ப்ரொப்பெல்லரும் சுழலும், படகைத் தண்ணீரில் இறக்கிவிட எப்போதும் இன்னொருவர் கூட இருக்க வேண்டும்.

கேபிள் என்றதும் ஒன்று. இந்த அளவு இன்ஜினுக்கு 6.35 மில்லிமீட்டர் ஃப்ளெக்ஸ் கேபிள் பொதுவானது. இன்ஜின் சுழலும் திசையில் அந்தக் கேபிளின் புரி இறுக வேண்டும். மாறாக வாங்கினால் அவிழ்ந்து அறுந்துவிடும். ஓட்டி முடித்ததும் கழற்றி, துடைத்து, கிரீஸ் போடுங்கள்.

ப்ரொப்பெல்லரை 67 மில்லிமீட்டர் விட்டம், 1.4 பிட்ச் விகிதத்தில் ஆரம்பியுங்கள், ஆக்டுரா என்ற தயாரிப்பாளரின் எக்ஸ்467 இதுதான். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் முன்னேற்றம். நிமிடத்துக்கு 16,000 சுற்றில் கணக்குப்படி மணிக்கு 90 கிலோமீட்டர், வழுக்கலைக் கழித்தால் 80-ஐ ஒட்டி வரும். முதல் சீசனுக்கு அது ஏராளம். இந்தப் ப்ரொப்பெல்லர்கள் கரடுமுரடாக வரும், நாம்தான் ஓரத்தைச் சீவி எடைச் சமன் செய்ய வேண்டும். அவை பெரிலியம் கலந்த செம்பு. அதன் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. உலர்வாக அரம் போடாதீர்கள், கிரைண்டரில் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீரில் நனைத்தபடி தேய்த்து, தரமான முகக்கவசம் போட்டு, வண்டலைத் துணியில் துடைத்து எறியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சீவி சமன் செய்து முடித்ததையே விலை கொடுத்து வாங்குவது நல்லது. துருப்பிடிக்காத எஃகிலும் ப்ரொப்பெல்லர் கிடைக்கிறது.

எரிபொருள் விஷயத்தில் தயக்கமே இல்லாமல் சொல்லலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 25-க்கு 1. எத்தனால் கலக்காத பெட்ரோல் மரினாக்களிலும் (படகுத் துறைகளிலும்) சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும், அதையே வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், வால்ப்ரோ கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரத்தை விறைக்க வைக்கும். கார்புரேட்டர் தானே கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பில் பெட்ரோலை இழுத்துக்கொள்ளும், நைட்ரோவில் போல டேங்குக்கு அழுத்தம் கொடுக்க வேண்டாம். முதல் சில டேங்க் பெட்ரோல் தீரும் வரை, கார்புரேட்டரில் அதிக சுழற்சிக்கான ஊசியைத் தாராளமாகத் திறந்து, புகையோடு, குறைந்த வேகத்தில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமாக மூடி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் மூடினால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் எரிபொருள் குறையும்போது ஆயிலும் குறைகிறது. சூடான பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொரு விஷயம், உங்களிடம் இருப்பது ஸ்கேல் கிட் என்பதால் கவனியுங்கள். நிஜப் படகுகள் இடப்பக்கமாகத் திரும்பிப் பந்தயம் ஓடும், திருப்பத்தில் பிடித்து நிறுத்தும் ஸ்கிட் ஃபின் இடது பக்கம் இருக்கும். ரிமோட் படகுகள் கடிகாரத் திசையில், வலப்பக்கமாகத் திரும்பும். புகைப்படத்தைப் பார்த்து ஃபின்னை இடது பக்கம் வைத்துவிடாதீர்கள், ஓடும் படகில் அது வலது பக்கம்தான். எடை மையத்துக்கு ஒரே எண் கிடையாது. ஸ்பான்சனின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் என்று பொதுவாகச் சொல்வார்கள், உங்கள் பிளானில் குறித்திருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். இன்ஜின் மவுண்டை உடனே ஒட்டிவிடாமல், டேங்க், பைப், பேட்டரி எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் வைத்து, இன்ஜினை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து மையம் சரியானதும் ஒட்டுங்கள். டேங்க் மட்டும் மையத்துக்கு அருகிலேயே இருக்கட்டும். பெட்ரோல் தீரத் தீர மையம் பின்னால் நகர்ந்தால், கடைசிச் சுற்றில் மூக்கு தூக்கும்.

ரேடியோ சிக்னல் போனால் த்ராட்டிலை மூடும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள், கூடவே காயிலை எர்த் செய்து இன்ஜினை அணைக்கும் தனி சுவிட்சும் வையுங்கள். த்ராட்டில் கம்பி கழன்றுவிட்டால் ஃபெயில்சேஃப் உதவாது, இந்த சுவிட்ச் உதவும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடை 80 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறினால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. பிளக் வாங்கும்போது என்ஜிகே சிஎம்ஆர்7எச் போல ரெசிஸ்டர் உள்ளதையே வாங்குங்கள், ரேடியோவுக்கு இரைச்சல் குறையும்.

இன்ஜினுக்குப் பணம் கட்டும் முன் மூன்று அளவுகளை எடுத்து இங்கே எழுதுங்கள்: இன்ஜின் தளத்திலிருந்து கவுலின் உட்புறம் வரை உள்ள உயரம், இரண்டு ஸ்டிரிங்கர்களுக்கு (ஹல்லின் நீளவாட்டுக் கட்டைகளுக்கு) இடையே உள்ள அகலம், ஸ்பான்சனின் பின்விளிம்பிலிருந்து டிரான்சம் (படகின் பின்பலகை) வரை உள்ள நீளம். 26 சிசி கவுலுக்குள் நிமிர்ந்து உட்காருமா, பிளக் தொப்பிக்காக மேலே துளை போட வேண்டுமா, பைப் உள்ளே மடங்குமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.